உள்ளங்கையில் பிசைந்த வெள்ளி

அடைத்த பல் உடைந்துபோய் வருகிறவர்களிடம் எந்தப் பல் வைத்தியரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். என்னத்தைக் கடித்தாய்? முறுக்கா, கரும்பா, எலும்பா? உடைத்தது நீ, நான் இல்லை என்பதை நாசூக்காகச் சொல்லிவிடுகிற கேள்வி அது. செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்த சம்பவநாத நயினார் மட்டும் அதைக் கேட்கமாட்டார். "காட்டுப்பா" என்பார், விளக்கைத் திருப்பிப் பார்ப்பார், பேசாமல் வேலையை ஆரம்பிப்பார். ஊரில் அதைப் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். பெருந்தன்மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அறுபத்து மூன்றாம் வருஷம் வரைக்கும் அந்தக் கேள்வியை அவரைப்போல உரக்கக் கேட்டவர் அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்கமாட்டார்.

அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. நெல்லும், மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற ஜைனக் குடும்பம். இருக்கிற நிலம் அண்ணனுக்கே போதாது என்று ஆனபோது பதினேழு வயதில் பட்டணத்துக்குப் போய் ஒரு பல் டாக்டரிடம் சேர்ந்தார். எச்சில் கிண்ணம் கழுவுவதில் ஆரம்பித்து, பல்செட் தேய்த்து, கடைசியில் டாக்டர் மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் அடைப்பு வேலையை முழுக்கத் தானே பார்க்கிற அளவுக்கு வந்தார். பட்டம் இல்லாமல் வெகுநாள் தொழில் பார்த்தவர்களையும் சர்க்கார் பதிவேட்டில் சேர்த்தபோது அவர் பெயரும் ஏறியது. அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு செஞ்சியில் வந்து உட்கார்ந்தார். காலால் மிதிக்கிற துளைக்கருவி ஒன்று கொண்டுவந்திருந்தார். ஜனங்கள் அதைத் தையல் மிஷின் என்றார்கள். பல்லைத் தைக்கிற நயினார் என்று அவருக்கும் ஒரு பெயர் வந்தது. அதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

சுற்றுவட்டாரத்தில் பல்வலி என்றால் பிடுங்குவதுதான் வைத்தியம். நயினாருக்கு அது பிடிக்காது. "புடுங்கறதுக்குக் கொறடு போதும், காப்பாத்தறதுக்குத்தான் வைத்தியன் வேணும்" என்பார். சொத்தையைக் கடைந்தெடுத்துவிட்டு வெள்ளி அடைப்பார். பல் அடைக்கிற சிமெண்டும் வைத்திருந்தார். ஆனால் சிமெண்ட் எச்சிலில் கரையும், ஒன்றிரண்டு வருஷத்தில் பள்ளம் விழுந்துவிடும். கடைவாய்ப் பல் தாங்குகிற பாரத்துக்கு வெள்ளியை விட்டால் வேறு கதியில்லை என்பது அவர் கட்சி.

வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் சின்னக் கல்வத்தில் போட்டு அரைப்பார். அரைத்ததை இடது உள்ளங்கையில் போட்டு வலது கட்டைவிரலால் பிசைவார். பிசையப் பிசைய அது வழவழப்பாகி, கிறீச் கிறீச்சென்று மெல்லச் சத்தம் போடும். அதுதான் பதம். பிறகு துணியில் வைத்து மிச்சப் பாதரசத்தைப் பிழிந்துவிட்டுப் பல்லில் அழுத்துவார். பட்டணத்து டாக்டர் அப்படித்தான் செய்தார். கைச்சூட்டில்தான் வெள்ளி பக்குவப்படும் என்று அவர் சொன்னதை நயினார் வேதவாக்காக வைத்திருந்தார்.

வாய்க்குள்ளே ஒரு சொட்டு எச்சில் படவிடமாட்டார். கன்னத்திலும் நாக்கடியிலும் பஞ்சைச் சுருட்டித் திணிப்பார். "ஈரம் பட்டா வேல கெட்டுது, வாய மூடிடாத" என்று மிரட்டுவார். தூள் பறக்கும் என்று மேஜை ஃபேனையும் நிறுத்திவிடுவார். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கோட்டை மலைப் பாறைகள் சாயங்காலம் அதை ஊர்மேல் கொட்டுகிற சித்திரை வைகாசியில், அந்தச் சின்ன அறைக்குள் அவருக்கு வியர்வை ஆறாக ஓடும். அடிக்கடி நெற்றியைத் துடைத்துக்கொள்வார். உள்ளங்கையைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் காத்தாயி வந்தாள். வல்லம் காலனிக்காரி. ராஜாராம் என்கிற மிராசுதாரின் கொட்டகையில் விதை மல்லாட்டை உரிக்கிறவள். புருஷன் செங்கல் சூளைக்குப் போனால் ஆறு மாதத்துக்கு ஆள் தெரியமாட்டான். ரெண்டு பிள்ளைகளுக்கு அவள் கை உரித்தால்தான் அடுப்பு எரியும். பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லித்தான் அவள் வந்தாள்.

"புடுங்கிடுங்க நைனாரே. ஒரே குத்தலா குத்துது."

"நல்ல பல்லு காத்தாயி. ஒரு ஓரந்தான் சொத்த. வெள்ளி வெச்சா ஒன் ஆயுசுக்கும் இருக்கும்."

"அது வுழுந்துட்டா?"

"நான் வெச்சது வுழாது. நீ மட்டும் ஒரு நாளு அந்தப் பக்கம் மெல்லாத. ஒரு மாசத்துக்குக் கெட்டியா எதையும் கடிக்காத. அவ்ளோதான்."

அவள் தலையை ஆட்டினாள். ஃபேனை நிறுத்தினார், பஞ்சு வைத்தார், மிதித்தார், கடைந்தார், பிசைந்தார், அடைத்தார். அவளுக்குக் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டியபோது அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். வாய்க்குள்ளே வெள்ளி இருக்கிறது என்பதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருப்பாள் பாவம்.

இருபது நாள் கழித்துக் கன்னம் வீங்கித் திரும்பி வந்தாள். அன்று கடையில் கூட்டம். பெஞ்சில் அவளுடைய முதலாளி ராஜாராமே பல்செட்டுக்கு அளவு கொடுக்க உட்கார்ந்திருந்தார். நயினார் அவள் வாயைத் திறந்து பார்த்தார். அடைப்பு பல்லுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. பல்லின் கன்னத்துப் பக்கத்துச் சுவர் மேலிருந்து ஈறு வரைக்கும் பிளந்திருந்தது. வருஷத்துக்கு ஆறேழு பேர் இப்படி வருவார்கள். ஒவ்வொரு தடவையும் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"இன்னா கடிச்ச?"

"ஒண்ணும் கடிக்கல நைனாரே. கூழுதான் குடிச்சேன்."

"கூழு குடிச்சா பல்லு பொளந்துக்குமா? எங்கிட்டயே கத வுடறியா? மல்லாட்ட கடிச்சிருக்க. நாள் பூரா அதுலதான ஒக்காந்திருக்க?"

"மலையனூர் அங்காளம்மா மேல சத்தியமா சொல்றேன், ஒரு பருப்பு வாயில போடல."

"சத்தியம் வேறயா? நீ பொய் சொல்லுவ, வெள்ளி பொய் சொல்லாது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜாராம் சிரிக்கவில்லை. உரிக்கிறவர்கள் விதையைத் தின்றுவிடுகிறார்கள் என்பதுதான் கொட்டகை வைத்திருக்கிற எல்லோருக்கும் உள்ள ஒரே கவலை. உரிக்க உட்காருகிற பெண்ணை எவராவது கூட்டத்தில் வைத்து நீ மல்லாட்டை தின்றாய் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது நயினாருக்குத் தெரியாதா? மல்லாட்டைக் காட்டில் வளர்ந்தவர்தானே. நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் தன் வேலையின் பேரைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பல்லைப் பிடுங்கி, பிடுங்கிய பற்களைப் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவில் அதையும் போட்டார். அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு போனாள்.

ஆனி மாதத்தில் அவருடைய மனைவி மருதேவிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை கண்டது. நந்தீஸ்வர விரதம் ஆரம்பிக்க ரெண்டு நாள் இருந்தது. மருதேவி வருஷா வருஷம் அந்த எட்டு நாளும் ஒருபொழுதுதான். காலை பத்து மணிக்கு வடித்த கஞ்சி ஒரு கிண்ணம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அதோடு சரி. விரதத்துக்கு நடுவில் பல் குத்தெடுத்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வியர்க்க விறுவிறுக்கப் பிசைந்து வெள்ளி அடைத்தார். தன் வீட்டு மனுஷியாயிற்றே என்று வழக்கத்தைவிட அதிக நேரம் பிசைந்தார்.

எட்டு நாளும் அவள் கஞ்சி குடிக்கும்போது அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஏழாம் நாள் பல் விண்விண்ணென்று தெறிப்பதாகச் சொன்னாள். வெறும் வயிற்றுக்கு அப்படி இருக்கும் என்று சமாதானம் சொன்னார். விரதம் முடிந்த மறுநாள் காலை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்றாள். அவர் பார்த்தார். அடைப்பு மேலே துருத்திக்கொண்டு நின்றது. கன்னத்துப் பக்கத்துச் சுவர் பிளந்திருந்தது.

"இன்னா க..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இன்னா கடிச்சன்னு கேக்கப் போறீங்களா? எட்டு நாளா எதிர்ல ஒக்காந்து பாத்தீங்களே. கஞ்சியில எதங்க கடிப்பேன்?" என்றாள் மருதேவி.

அவர் சாப்பிடாமல் கடைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் கொட்டினார். காத்தாயியின் பல்லைத் தேடுவது கஷ்டமாக இல்லை. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். கெட்டியாக எதையாவது கடித்து உடைந்த பல் என்றால் வெள்ளியின் மேல் நசுங்கலோ கீறலோ இருக்கும், மூலை தெறித்திருக்கும். இதில் ஒன்றும் இல்லை. மேல்பக்கம் அவர் சீவிவிட்டபடியே இருந்தது. ஆனால் அது பல்லைவிட உயர்ந்து நின்றது, வெடிப்பு உள்ளேயிருந்து வெளியே போயிருந்தது. வெளியே அடி வாங்கிய பல் இல்லை அது, உள்ளேயிருந்து நெம்பப்பட்ட பல். வெள்ளி அடைத்த பிறகு பெருத்திருக்கிறது. பெருத்ததற்குப் போக இடம் இல்லை. மேலே கொஞ்சம் வந்தது, பக்கத்தில் சுவரைத் தள்ளியது. கூழ் குடிக்கிற வாய் மூடினாலும் முதல் பாரம் அப்படி உயர்ந்து நிற்பதன்மேல்தான் விழும். இளைத்த சுவர் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

தூள் புட்டியோடு வருகிற அச்சடித்த காகிதம் ஒன்று உண்டு. பத்து வருஷமாக அதைக் குறடு வைக்கிற இழுப்பறைக்கு அடியில் விரித்து வைத்திருந்தார். குரு இல்லாதவனுக்குத்தான் காகிதம் என்பது அவர் நினைப்பு. அன்று அதை எடுத்து, தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். தூளில் கொஞ்சம் துத்தநாகம் கலந்திருக்கிறது, இறுகும் முன் ஈரம் பட்டால் உள்ளே வாயு உண்டாகிப் பிற்பாடு வீங்கும், ஆகவே வெறுங்கையால் தொடாதே என்று போட்டிருந்தது. வெறுங்கையால் என்ற இடத்துக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார்கள்.

அப்படியும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. டப்பாவிலிருந்து முழுசான ரெண்டு பற்களை எடுத்து ஒரே அளவாகக் குழி கடைந்தார். ஃபேனை நிறுத்திவிட்டு, வழக்கம்போல உள்ளங்கையில் பிசைந்த வெள்ளியை ஒன்றில் அடைத்தார். ஒரு பலூனை வாங்கிக் கத்தரித்து, அந்த ரப்பருக்குள் போட்டுப் பிசைந்த வெள்ளியை இன்னொன்றில் அடைத்தார். ரெண்டையும் உப்புத் தண்ணீர் ஊற்றிய ரெண்டு மருந்துப் புட்டிகளில் போட்டு அலமாரியில் வைத்தார். நாலாம் நாள் ரெண்டும் ஒன்றாகவே இருந்தன. அவருக்கு மூச்சு வந்தது. ஒன்பதாம் நாள் நகத்தை வைத்துத் தடவினபோது முதல் பல்லின் விளிம்பில் நகம் தட்டியது. பதினைந்தாம் நாள் கண்ணுக்கே தெரிந்தது. பதினெட்டாம் நாள் அந்தப் பல்லின் சுவரில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இன்னொரு பல் வைத்தது வைத்தபடி வழவழவென்று இருந்தது. புட்டிக்குள் அது என்னத்தைக் கடித்திருக்கும்?

அன்று அவர் தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஓர் எறும்பு சாகக்கூடாதென்று தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற வீட்டில் பிறந்த கை. உடைந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். எல்லோரும் சித்திரையில், வைகாசியில், ஆனியில் அடைத்துக்கொண்டவர்கள். மார்கழியில் அடைத்த ஒருவர்கூட அப்படி வந்ததில்லை. பத்து வருஷமாக அது அவர் கண்முன்னேதான் இருந்தது. அவர் கேள்வி கேட்பதிலேயே குறியாக இருந்துவிட்டார். முறுக்குத் தின்றாய் என்று ஒரு வாத்தியாரை, எலும்பு கடித்தாய் என்று ஒரு தபால்காரரை, எத்தனை பேரை வாய் கூசாமல் திட்டியிருக்கிறார். அவர்களெல்லாம் சிரித்து மழுப்பிவிட்டுப் போனவர்கள். சத்தியம் செய்தவள் ஒருத்திதான்.

"அந்தப் பொம்பளகிட்ட போயி சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள், அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட மருதேவி.

"சொன்னா ஊரு இன்னா சொல்லும்? நயினார் கை பட்டா பல்லு வெடிக்கும்னு சொல்லும். அப்புறம் எவன் வருவான்?"

"அவ சத்தியம் பண்ணாளேங்க."

மூன்று நாள் அவர் போகவில்லை. கடைக்குப் போனார், பலூன் ரப்பரில் பிசைந்தார், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். நாலாம் நாள் காத்தாயியின் பல்லை ஒரு காகிதத்தில் மடித்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு வல்லம் பஸ்ஸில் ஏறினார்.

மழை பிந்திய வருஷம் அது. ஆடி பிறந்து பத்து நாளாகியும் கொட்டகையில் விதை உரிப்பு நடந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்தவர் நின்றுவிட்டார். இருபது இருபத்தைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் வாயையும் மூடித் துணி கட்டிப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. பேச்சில்லை, பாட்டில்லை. ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. தூசிக்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"வாங்க நைனாரே, செட்டு ரெடியா?" என்று ராஜாராம் எழுந்து வந்தார். நயினார் பார்க்கிற இடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா பாக்கறீங்க? எல்லாம் ஒங்க புண்ணியந்தான். அன்னிக்கு ஒங்க கடையில கேட்டேன் பாருங்க, மறுநாளே காத்தாயியக் கூப்ட்டேன். தின்னியா இல்லியான்னு கேட்டேன். ஒத்துக்கினா வேல இருக்குது, இல்லன்னு சாதிச்சா வூட்டுக்குப் போயிடுன்னேன். ஒத்துக்கினா. ஒருத்தி தின்னா அத்தினி பேரும் திம்பாங்க. கதிரத் திங்காம மாட்டு மூஞ்சிக்கு வாய்க்கூட கட்டறதில்லையா, அதுமாதிரிதான்."

நயினார் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பல்லைக் காட்டி, தன் கை வியர்வையை, துத்தநாகத்தை, ரெண்டு புட்டிகளை, மருதேவியின் விரதத்தை, எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னார். இத்தனை பேருக்கு முன்னால் தன் வேலையைப் பற்றி இப்படிப் பேசுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சொல்லச் சொல்ல உரிக்கிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"அவ எதையும் கடிக்கல ராஜாராம். தப்பு பூரா என்னுது. அந்தத் துணிய அவுக்கச் சொல்லுங்க."

ராஜாராம் பல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க பெரிய மனுசன், இம்மாந்தூரம் வந்து சொல்றீங்க. ஆனா அவளே ஒத்துக்கினாளே நைனாரே?"

"வேல போயிடுமேன்னு ஒத்துக்கினு இருப்பா."

"அப்ப எங்கிட்ட பொய் சொன்னாளா? பொய் சொல்றவள வெதக் கொட்டாயில எப்டி வெச்சிக்கிறது? அவளையே கேட்டுடுவோம்." திரும்பிக் குரல் கொடுத்தார். "காத்தாயி, இங்க வா. நீ திங்கவே இல்லன்னு நைனாரு சொல்றாரு. எனுக்கு நெசம் தெரியணும். தின்னியா, திங்கலியா?"

காத்தாயி எழுந்து வந்தாள். துணியை மோவாய்க்குக் கீழே இறக்கினாள். பல் போன பக்கம் கன்னம் குழிந்திருந்தது. அவள் ராஜாராமைப் பார்த்தாள், தான் உரித்துப் போட்ட குவியலைப் பார்த்தாள். நயினாரைப் பார்க்கவில்லை.

"தின்னேன்."

"இல்ல காத்தாயி, பயப்படாத. என் கை வேர்வதான்..."

"நீங்கதான அன்னிக்குச் சொன்னீங்க நைனாரே, வெள்ளி பொய் சொல்லாதுன்னு. தின்னேன். ஒரே ஒரு பருப்பு."

துணியை மேலே இழுத்து முடிந்துகொண்டு போய், விட்ட இடத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள்.